பூசை மணிக்கு நாற்பது விநாடி முன்னால்

கணினித் திரையில் அம்பு தானாக நகர்ந்ததை நான் முதலில் பார்த்தது தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் கை மவுஸின்மேல் இல்லை. இடக்கையில் காபி டம்ளர் இருந்தது, வலக்கையில் மூக்குக்கண்ணாடி. அம்பு திரையின் நடுவிலிருந்து கிளம்பி வலப்பக்கமாக நாலு விரற்கடை போயிற்று. நின்றது. நனைந்த கோழி உதறுவதுபோல் இரண்டு முறை உதறிக்கொண்டு கீழே இறங்கி ஓய்ந்துவிட்டது. மணி பார்த்தேன். சுவர்க்கடிகாரம் வழக்கம்போல் நின்றிருந்தது. அந்த மூன்று மாதத்தில் அது நிற்பது நாலாவது தடவை. கைக்கடிகாரத்தில் ஆறு பத்து. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

எண்ணிக் குறித்துவைப்பது எனக்கு உத்தியோகத்தால் வந்த பழக்கம். முப்பத்து நாலு வருடம் புள்ளியியல் துறையில் இருந்தேன். மாடு, ஆடு, கோழி, கிணறு, மக்காச்சோள விளைச்சல் எல்லாம் என் கணக்கில் வந்து போயின. நான் சேர்ந்தபோது அரியலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரம்பலூர் மாவட்டத்துக்குள் போயிற்று, தனி மாவட்டமாயிற்று, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் அதே கோழிகளைப் பிரித்தும் சேர்த்தும் எழுதினேன். ஒரு கோழி விட்டுப்போனதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கணினியில் நான் செய்துவந்த வேலை ஒன்றுதான். எங்கள் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டுப் பட்டியல்.

கோயில் எறையூர்ப் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. சிவராத்திரிக்கு மறுநாள் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்போம். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பூசாரி மைக்கில் பெயர் படிப்பார். படித்த வரிசையில் ஒவ்வொருவராக முன்னால் போய் விபூதியும் ஒரு தேங்காய் மூடியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மூத்த வம்சக் கொடி முதலில், கொடிக்குள் மூத்தவர் முதலில். ஒரு காலத்தில் பன்னிரண்டாவது பெயரும் பதின்மூன்றாவது பெயரும் இடம் மாறிப்போய், ஒரு குடும்பம் நாலு வருடம் கோயில் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகுதான், "கோழிய எண்ணுனவரு, மனுசன எண்ண மாட்டாரா?" என்று பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். இருபத்தாறு வருடமாக நான்தான் அதை வைத்திருக்கிறேன். இந்த வருடக் கணக்கு நூற்று நாற்பத்து மூன்று தலைக்கட்டு. பின்பக்கத்தில் காலமானவர்கள் பட்டியல். அவர்கள் பெயரில் ஆளுக்கொரு விளக்கு ஏற்றுவார்கள்.

எழுபத்து மூன்று வயதில், நான் இதைச் செய்கிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது.

அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும் என் சித்தப்பா மகனுக்கு மாதிரிப் பிரதியை மெயிலில் அனுப்பினேன். திங்கட்கிழமை காலை அவன் போன் செய்தான். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறான். பட்டியலில் பன்னிரண்டாவது தலைக்கட்டு.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்டா தம்பி. நீ எப்படி இருக்க?"

"அதக் கேக்கத்தாண்ணே போன் போட்டேன். நான் இருக்கேனா, இல்லியா?"

"என்னடா கேள்வி இது?"

"பின்பக்கத்தப் பாருங்க. பெரியப்பாரு, அதுக்குக் கீழ எங்க அப்பாரு, அதுக்குக் கீழ நான். எனக்கு வெளக்கு ஏத்தச் சொல்லியிருக்கீங்க."

பார்த்தேன். இருந்தான். முன்பக்கத்தில் பதினொன்றுக்குப் பிறகு வெறும் இடம்.

"அம்பு இழுத்துடுச்சுடா. நான் கைய வைக்கவே இல்ல."

"அம்பு பட்டு சாவ நான் என்ன மானாண்ணே? பேரப்புள்ள படிச்சுட்டு 'தாத்தா, நீ செத்துட்டியா'ங்குது. உங்க கொழுந்தியா என்னடான்னா, வெளக்குக்கு எண்ணெய் நாம குடுக்கணுமா, கோயில்ல குடுத்துருவாங்களாங்குறா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் மன்னித்த மாதிரிப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிண்ணே. பிரஸ்காரன் அதுக்கு மேல தாங்க மாட்டான். அதுக்குள்ள நான் உசுரோட பன்னெண்டாவது எடத்துக்கு வந்துட்டா சரி. வரலைன்னா இங்க டிடிபி சென்டர்ல குடுத்து அடிச்சிக்கிறேன். இனிமே பட்டியலையும் நானே பாத்துக்குறேன். உங்களுக்கும் வயசாச்சு பாருங்க."

அப்போதே அவன் பெயரைத் திருத்தியிருக்கலாம். ஆனால் பழுதான கருவியை வைத்துக்கொண்டு அளவெடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. பன்னிரண்டாம் இடத்துக்கு அவனைக் கொண்டுவரும்போது அம்பு இன்னொருவரை இழுத்துப் பின்பக்கம் போட்டால்? முதலில் பழுதைக் கண்டுபிடிப்பது, பிறகு தம்பியை உயிர்ப்பிப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் எது ஆடினாலும் முதலில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைத்தான் சந்தேகப்படுவோம். மதியம் வெடி வைத்தால் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஒரு முறை பேசிக்கொள்ளும். அதோடு சிமெண்டு ஆலை லாரிகள். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் ஆடும்போது அம்பும் ஆடினால் காரணம் சுரங்கம். திங்கட்கிழமை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அறுபத்து இரண்டு லாரிகள் போயின. தண்ணீர் ஆடியது ஒன்பது முறை. பிறகு வெடி, தண்ணீர் வளையம் வளையமாகச் சுழித்தது. அம்பு அசையவில்லை. சாயங்காலம் ஆறு பன்னிரண்டுக்கு, தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லாதபோது, சொம்புத் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்க, அம்பு திரையின் மூலைக்கு ஓடிப்போய் முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீருக்கும் அம்புக்கும் தொடர்பில்லை என்று நோட்டில் எழுதிக் கோடு போட்டேன். சொம்பை எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் கணினி பழுது பார்ப்பவர் வந்தார். நாற்பது வயதுக்காரர். இன்வெர்ட்டர், கேமரா, ஆர்.ஓ. எல்லாம் பார்ப்பார். மவுஸைக் கவிழ்த்து ஊதினார். பஞ்சால் துடைத்தார். அடியில் காலண்டர் தாளை விரித்தார். வேறு ஓட்டையில் சொருகினார். ஏழு திருகாணிகளைக் கழற்றி ஆறை மாட்டினார். அவர் இருந்த ஐம்பது நிமிடமும் அம்பு சாதுவாக இருந்தது.

"சார், ஒண்ணும் இல்லையே? நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க போனதும் ஆரம்பிச்சுடும்."

"அப்ப நான் இங்கயே தங்கிக்கவா?" என்று சிரித்துவிட்டு, சுவிட்சுப் பலகையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. "எர்த்து வீக் சார். அதான். எர்த்துக் குழியில உப்பப் போட்டுத் தண்ணி ஊத்துங்க. மூணு நாள் ஊத்துனா தெளிஞ்சிரும்."

அன்று சாயங்காலமே இரண்டு கிலோ கல் உப்பு வாங்கினேன். புதன்கிழமை விடிந்ததும் வீட்டுப் பக்கவாட்டில் கம்பி புதைத்திருக்கும் குழியில் ஆறு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். என் மனைவி சாமி அறைக்குப் பூ பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வாழைக்கு ஒரு கொடம் ஊத்தச் சொன்னா முட்டி வலிக்குதும்பீங்க. இப்ப இரும்புக் கம்பிக்கு ஆறு கொடமா? அது என்ன தார் போடப் போவுதா?"

உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஆறு பதினொன்றுக்கு அம்பு ஆடியது. முந்தின நாளைவிட உற்சாகமாக ஆடியதாகவே எனக்குப் பட்டது.

மஸ்கட்டில் இருக்கும் என் மகனுக்குப் போன் செய்தேன். ஒரே மகன். முப்பத்தோரு வயது. போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு வந்து போனவன்.

"வேற மவுஸ் ஏதாச்சும் கனெக்ட் ஆகியிருக்காப்பா?"

நான் கணினிக்குப் பின்னால் டார்ச் அடித்து எண்ணினேன். ஐந்து ஒயர்கள். அவற்றில் மவுஸின் வால் ஒன்றே ஒன்று. "ஒண்ணுதான்டா" என்றேன். நான் எண்ணியதை யாரும் மறுத்து எண்ணுவதில்லை. அவனும் மறுக்கவில்லை.

வியாழன் இரவுக்குள் நோட்டில் பதினேழு பதிவுகள் சேர்ந்துவிட்டன. வெள்ளி காலை அவற்றை அட்டவணையாக்கினேன். காலை ஆறே காலுக்கு முன், சாயங்காலம் ஆறே காலுக்கு முன், தவறாமல். செவ்வாய், வெள்ளிகளில் பிற்பகலிலும் உண்டு, ஆட்டமும் நீளம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது அம்பு உதறியது. பதினெட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். நாற்பது விநாடி கழித்துச் சாமி அறையில் மணி அடித்தது.

பழைய பதிவுகளை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மணிச் சத்தம் இருந்தது. அதைப் பதிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மணி அதிர்ந்து அம்பு ஆடுகிறது என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அம்பு அல்லவா முன்னால் ஆடுகிறது? அம்பைக் கண்டு மணி அடிக்கிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"மணி அடிக்கிறதுக்கு முன்னாடி நீ என்ன பண்ற?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கும்புடுறேன்."

"அதுக்கு முன்னாடி?"

"தொடைச்சுப் பொட்டு வைக்கிறேன். ஏன், அதையும் எழுதப் போறீங்களா?"

நேரில் பார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் மேசையிலிருந்து சாமி அறை பதினாலு அடி வைப்பு. அங்கே நின்றால் திரை தெரியாது; திரை முன் இருந்தால் அங்கே நடப்பது தெரியாது. வெள்ளி பிற்பகல் அவள் விளக்கேற்றப் போன சமயம், கணினித் திரையைப் பிடித்துச் சாமி அறைப் பக்கமாகத் திருப்பினேன். ஒயர்கள் இழுபட்டன. மவுஸ் மேசை விளிம்புவரை போய், யோசித்து, திங்கட்கிழமையிலிருந்து அங்கேயே இருந்த சொம்புத் தண்ணீருக்குள் விழுந்தது. முழுகிவிட்டது. வால் மட்டும் வெளியில்.

வாலைப் பிடித்துத் தூக்கினேன். அடியில் இருந்த சிவப்பு வெளிச்சம் இரண்டு முறை சிமிட்டி அணைந்தது. அந்த நிமிடத்தில்தான், செத்த மவுஸ் என் கையில் சொட்டிக்கொண்டிருக்க, திரையில் அம்பு உல்லாசமாக ஒரு வட்டம் போட்டது.

பதினாலு அடியை ஒன்பதில் கடந்தேன்.

அவள் முருகன் படத்துக்குக் கீழே, சிவப்புப் பட்டுத் துண்டின்மேல் எதையோ வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தனம், குங்குமம், ஒரு கனகாம்பரம். மகன் கொண்டுவந்து கொடுத்த, ஒயர் இல்லாத மவுஸ். இரண்டு நாள் பயன்படுத்திவிட்டு, வால் இல்லாததைப் பிடிக்க எனக்குக் கூசுகிறது என்று பழையதற்கே திரும்பிவிட்டேன். அந்தப் புது மவுஸ் வேலை செய்ய அவன் கணினியின் பின்னால் சொருகிய, நகத்தளவு துண்டை நான் எண்ணவில்லை. அதற்கு ஒயர் இல்லையே.

"இது ஏன் இங்க இருக்கு?"

"ஆயுத பூசைக்கு வெச்சேன். எடுக்க மனசு வரல."

"இதையா தினமும் தொடைக்கிற?"

"உசுரோட இருக்குற புள்ள போட்டோவ சாமி அறையில வைக்கலாமா? அதான் அவன் கை பட்ட சாமான வெச்சேன். தொட்டா அடியில வெளக்கு எரியுது பாருங்க. எரிஞ்சா அவன் நல்லாருக்கான்னு எனக்கு ஒரு இது."

"பேட்டரி தீந்திருக்குமேடி?"

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதன் செல்கள் போன இடம் தெரிந்தது; நாலு தடவை நின்றதற்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

நியாயமாக நான் கோபப்பட்டிருக்க வேண்டும். மணி மூன்று நாற்பது. கோபத்துக்கு நேரமில்லை.

"அதக் குடு. அஞ்சு மணிக்குள்ள பட்டியல் போவணும். என் மவுஸ் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு."

"தர மாட்டேன். அவன் லீவுல வந்து இந்தப் படியேறுற வரைக்கும் எறக்கறதில்லன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"தம்பி இன்னும் செத்தவங்க பக்கத்துல கெடக்குறான்டி!"

"அப்ப எங்க வரணும்னு சொல்லுங்க. இங்கேருந்தே நகத்துறேன்."

விசைப்பலகையை மட்டும் வைத்தே முழு வேலையையும் முடித்திருக்கலாம் என்று மகன் பிற்பாடு சொன்னான். பிற்பாடுதான் சொன்னான்.

நான் திரை முன் நின்றேன். அவள் சாமி அறையில் அலமாரியைப் பார்த்தபடி நின்றாள். ஒருவருக்கொருவர் முதுகு.

"மேல. மேல. போதும்."

"எவ்வளவு மேல?"

"போதும்னேன்! எடது பக்கம். உன் சோத்துக் கைப்பக்கம் இல்லடி, பீச்சாங்கைப்பக்கம்!"

"சாமி அறையில அந்தப் பேச்சு பேசாதீங்க."

"கீழ ஒரு நூல். நில்லு. அமுக்கு. அமுக்கிட்டே வலது பக்கம் இழு. விடு!"

தம்பியின் பெயர் நீல நிறமானது. நான் விசையை அழுத்தி அவனைக் காலமானவர்களிடமிருந்து எடுத்தேன். முன்பக்கம் போக வேண்டும். அவள் ஆட்டுக்கல் சுற்றுவதுபோல் சுற்றினாள். அம்பு பன்னிரண்டைத் தாண்டி நாற்பதுக்குப் போயிற்று, அறுபதுக்குப் போயிற்று, திரும்பி வந்தது. நாலு பதினெட்டுக்குப் பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே அம்பு நின்றது. அமுக்கச் சொன்னேன். தம்பி உயிர் பெற்றான். இனி அனுப்ப வேண்டியதுதான்.

"வலது பக்கம் மேல போ."

அம்பு அசையவில்லை.

"என்ன ஆச்சு?"

"நம்ம புள்ள எத்தனாவது?" என்று அலமாரியிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அவன் இல்ல. கல்யாணம் ஆவாதவன் தலைக்கட்டு இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"பதினஞ்சு எடம் பாத்தாச்சு. அவன் என்னா பண்ணுவான்? செத்தவங்களுக்கு வெளக்கு இருக்கு. ரெண்டாந்தாரம் கட்டுனவனுக்குத் தேங்காமூடி இருக்கு. அவனுக்கு என்னா இருக்கு?"

"விதி அப்படி."

"சரி" என்றாள். கையை எடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அம்பு செத்த ஈபோல் கிடந்தது.

நாலு இருபத்தைந்து. நாலரை. இருபத்தாறு வருடத்தில் நான் தெரிந்து ஒரு தப்பும் செய்ததில்லை. எதிரே திரை, பின்னால் அவள். நாலு முப்பத்து நாலுக்கு, "கீழ கடைசி வரிக்கு வா" என்றேன். எந்த வழிகாட்டலும் இல்லாமல், ஒரே வீச்சில், அம்பு கடைசி வரியில் வந்து நின்றது. நூற்று நாற்பத்து நாலு என்று போட்டு மகன் பெயரை அடித்தேன். கூச்சம் தாங்காமல் பக்கத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'திருமணம் நிலுவையில்.'

நாலு ஐம்பத்தொன்றுக்குப் பட்டியல் போயிற்று. ஐந்து மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, உசுரு வந்துடுச்சு. சந்தோசம். ஆமா, அது யாரு நூத்தி நாப்பத்தி நாலு? உங்க புள்ள பேரு இருக்கு? கல்யாணம் பண்ணிட்டு எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?"

"இல்லடா. குறிப்பப் பாரு. நிலுவை."

குறிப்பை அவன் வாய்விட்டு ஒரு முறை படித்தான்.

"நிலுவையெல்லாம் சேத்துக்கலாம்னா என் வூட்லயே ரெண்டு பயலுவ நிலுவையில நிக்கிறானுவளே?"

அவனுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. சிவராத்திரிக்கு மறுநாள் பூசாரி மைக்கில், "நூத்தி நாப்பத்தி நாலு, திருமணம் நிலுவையில்" என்று குறிப்பையும் சேர்த்துப் படித்துவிட்டார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய்த் தேங்காய் மூடியை வாங்கி வந்தாள். பிறகு பங்காளிகள் அத்தனை பேரும் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டியலை அவன் வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று அவனே முன்கூட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். நிலுவையில் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று நான் தள்ளி நின்று எண்ணினேன். பத்தொன்பது. நிலுவைக்கு நிலுவை யார் மூத்தவர், வயதுப்படியா கொடிப்படியா, நிச்சயம் ஆனவன் முன்னாலா பின்னாலா என்று ஆரம்பித்து, சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிற்று.

தம்பி வியர்த்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணே, இந்த வம்பெல்லாம் எனக்கு ஆவாது. கட கண்ணி வெச்சிருக்கவன். பட்டியல நீங்களே வெச்சிக்குங்க. சாவுற வரைக்கும் வெச்சிக்குங்க."

"செத்தப்புறம் பின்பக்கத்துல போடறது யாரு?"

"அத அண்ணிய விட்டுப் போடச் சொல்லுங்க" என்று போய்விட்டான்.

இப்போது வால் உள்ள புது மவுஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன். நகத்தளவுத் துண்டை எடுக்கவில்லை. காலை ஆறு பத்துக்கும் சாயங்காலம் ஆறு பத்துக்கும் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அம்பு தன் பாட்டுக்கு ஆடும். நாற்பது எண்ணுவேன். மணி அடிக்கும். பிறகு வேலையைத் தொடர்வேன்.

இன்று காலை கையை எடுத்துக் காத்திருந்தேன். ஆறு பத்து, பதினொன்று. மணி அடித்தது. அம்பு ஆடவில்லை. மவுஸின் அடியை அவள் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. எழுந்துபோய், முக்காலியைப் போட்டு ஏறி, ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தை இறக்கி, அதன் பென்சில் செல்லைக் கழற்றினேன்.